விடையை நம்பி ஓர் ஆள்: பொறியியல் மாணவர்களை வேலைக்குப் பழக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துச் சர்க்கரை ஆலைகளில் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சனிக்கிழமை காலைகளில் தெற்கு டர்பனின் மெரபேங்கில், ஒரு கோயில் மண்டபத்தில், பொறியியல் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் நான்கு வருடப் பட்டம் படிப்பவர்களும் வருகிறார்கள், டியூடி என்கிற டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமோ படிப்பவர்களும் வருகிறார்கள். என்னை ஆன்ட்டி என்பார்கள், கோயில் பெரியவர்களைத் தாத்தா, அங்கிள் என்பார்கள், மற்றப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடும். இவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தர நான் தேவையில்லை. பல்கலைக்கழகம் அதை நன்றாகவே செய்கிறது. வேலைக்குப் போன முதல் வருடத்தில் இவர்கள் திணறுவது வேறு இடங்களில்: எழுத, கேட்க, நாலு பேரோடு சேர்ந்து முடிக்க, வேண்டாம் என்று சொல்ல.

இதற்கென்று 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பு ஒன்றைத் தனியாக வைப்பது பல கல்லூரிகளில் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனியாகக் கற்றதைப் பிள்ளைகள் தனியாகவே வைத்துவிடுகிறார்கள், பம்ப் நின்றுபோன நேரத்தில் அது கைக்கு வருவதில்லை. நான் செய்வது ஒன்றுதான். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும், அதன் விடையை நம்பி ஏதோ செய்யப் போகிற ஓர் ஆளையும் சேர்த்தே கொடுப்பேன். தமிழ்நாட்டிலோ வேறு எங்கோ மாணவர்களுக்கு வழிகாட்டுகிற ஆசிரியர்கள், மூத்த பொறியாளர்கள், அண்ணன் அக்காக்கள் யாரும் இதைச் செய்யலாம்.

முதல் நாளே ஒரு பட்டியலை அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள். இங்கே எக்சா என்று எல்லோரும் சொல்லும் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம், பட்டம் வாங்கும்போது ஒருவருக்கு இருக்க வேண்டியவை என்று 11 திறன்களை வரையறுத்திருக்கிறது. சிக்கல் தீர்த்தல், அறிவியல் அடிப்படை, வடிவமைப்பு, சோதனை, கருவிகளைக் கையாளுதல் ஆகியவை அதில் பாதிதான். மீதி: தொழில்முறைத் தகவல் தொடர்பு, சமூகத்துக்கும் சூழலுக்கும் நேரும் விளைவு, குழு வேலை, தானாகக் கற்றுக்கொள்ளுதல், தொழில் நெறி, மேலாண்மை. 1989இல் உருவான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா 1999இலும் இந்தியா 2014இலும் சேர்ந்தன. ஆகவே இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளிலும் ஏறக்குறைய இதே பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வேலையையும் முடித்த பிறகு, இதில் எந்த வரியைத் தொட்டோம் என்று பிள்ளைகளே குறித்துக்கொள்ளட்டும்.

ஷிப்ட் குறிப்பில் தொடங்குங்கள்

பெரிய அறிக்கை எழுதச் சொல்லித் தொடங்காதீர்கள். ஆலையில் ஷிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவருக்கு எழுதி வைக்கும் ஐந்தாறு வரிக் குறிப்பு போதும். ஆறு மணிக்கு ஒருவர் வீட்டுக்குப் போய்விடுவார், அவர் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் எட்டு மணி நேரம் ஆலையை ஓட்ட வேண்டும். இதைவிடக் கண்டிப்பான வாசகர் கிடைக்க மாட்டார்.

ஆலை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். டர்பனில் எந்த வீட்டிலும் ஒரு கேட் மோட்டார் இருக்கும், ஒரு கீசர் இருக்கும், மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் இருக்கும். ஏதாவது ஒன்று கோளாறாகும்போது அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். கரும்புச் சாறு ஏற்றும் பம்ப்பைப் பற்றிய ஆலைக் குறிப்பானாலும், முதலில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"ஜூஸ் பம்ப்பில் பிரச்சினை இருந்தது. கவனிக்கப்பட்டது."

எந்தப் பம்ப்? என்ன பிரச்சினை? யார் கவனித்தார்? இப்போது ஓடுகிறதா? வருகிறவருக்கு இந்த இரண்டு வரியால் ஒரு பயனும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

"2ஆம் எண் ஜூஸ் பம்ப். 14:20க்குக் கப்ளிங் பக்க பேரிங்கில் கரகரப்புச் சத்தம். கை வைக்க முடியாத சூடு. எண்ணெய் மட்டம் பார்த்தோம், சரியாக இருக்கிறது. 14:35க்கு நிறுத்தி, லாக் போட்டு, 3ஆம் எண் பம்ப்புக்கு மாற்றினோம். அது இப்போது ஓடுகிறது. கப்ளிங் சீர் தவறியிருக்கலாம் என்பது என் ஊகம், அளந்து பார்க்கவில்லை. ஃபிட்டரிடம் சொல்லியாயிற்று. அவர் வரும்வரை 2ஐ ஓட்ட வேண்டாம்."

இதில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முக்கியமான இடம் "என் ஊகம்" என்பது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கையால் தொட்டது ஒரு பக்கம், நாமாக நினைத்துக்கொண்டது இன்னொரு பக்கம். இரண்டும் கலந்துவிட்டால் அடுத்த ஷிப்டில் வருகிறவர் ஊகத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டு தவறான இடத்தைத் திறப்பார். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பின்னால் ஆய்வறிக்கை, விபத்து அறிக்கை, சோதனை முடிவு எல்லாம் தானாகத் தெளிவாகும்.

மார்க் போடுவதை நீங்கள் செய்யாதீர்கள். அந்தக் குறிப்பை, கருவியைப் பார்த்தே இராத இன்னொரு மாணவரிடம் கொடுங்கள். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. படித்தவர், அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் தடுமாறுகிற வரி எதுவோ அதைத்தான் திருத்த வேண்டும். நான் சிவப்பு மையில் எழுதிய எந்தக் குறிப்பும் இந்த அளவுக்கு வேலை செய்ததில்லை.

எழுதித் தரும் செயலிகளைப் பயன்படுத்தலாமா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். வாக்கியத்தைச் சீர்செய்ய வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் பேரிங்கில் கை வைத்தது செயலி இல்லை. அது சேர்க்கிற அழகான வரிகளில் நடக்காத ஒன்று நுழைந்துவிட்டால் அதற்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர்தான்.

பாதித் தகவலோடு ஒரு கணக்கு

பாடப் புத்தகக் கணக்கில் தேவையான எண்கள் எல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கும். வேலையில் அப்படி இருக்காது. எந்த எண் தேவை, அதை யாரிடம் கேட்பது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதனால் வேண்டுமென்றே குறைவாகச் சொல்லி ஒரு வேலையைக் கொடுங்கள்.

நான் கொடுப்பது தண்ணீர்த் தொட்டி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் பெரிதும் சேதமடைந்தது, அந்த ஊர் மக்கள் பல மாதங்கள் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் வராத நாள் இங்கே கற்பனை இல்லை. ஆகவே கேள்வி இவ்வளவுதான்: "தைப்பூசக் காவடி அன்று தண்ணீர் நின்றுபோனால் கோயில் எப்படிச் சமாளிக்கும்? கமிட்டிக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்."

பெரும்பாலான பிள்ளைகள் குடிதண்ணீரை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களை நேராகச் சமையல்கட்டுக்கு அனுப்புங்கள். அன்னதானத்துக்கு அரிசி களைகிற அக்காவிடம் பத்து நிமிடம் நின்றாலே, அண்டா கழுவுவதற்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் கழிப்பறை. பழைய தொட்டி ஒரு ஃப்ளஷுக்கு 9 லிட்டர் குடிக்கும். எல்லாம் சேர்த்துத் தலைக்கு 15 லிட்டர், 600 பேர் என்று வைத்தால் 9,000 லிட்டர். அப்படியானால் 5,000 லிட்டர் ஜோஜோ இரண்டு வேண்டும். எந்தக் கம்பெனியின் பிளாஸ்டிக் தொட்டியானாலும் இங்கே அது ஜோஜோதான்.

இந்த இடத்தில் கமிட்டியிலிருந்து யாராவது ஒரு தாத்தா கட்டாயம் கேட்பார்: "கீழே இடம் இல்லையே, சமையல்கட்டு மேல்தளத்தில் வைத்துவிடலாமே?" நல்ல கேள்வி. பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 5,000 லிட்டர் தண்ணீர் 5 டன். தொட்டியின் விட்டம் சுமார் 1.8 மீட்டர், அடிப்பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 19 கிலோநியூட்டன் இறங்கும். மக்கள் கூடும் தளத்துக்கே வழக்கமாக எடுக்கிற சுமை 5 கிலோநியூட்டனை ஒட்டித்தான் இருக்கும். அந்த மேல்தளத்தின் வரைபடமோ யார் கையிலும் இல்லை.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதோடு மாணவரின் வேலை முடியவில்லை. தாத்தா மனம் நோகாமல், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், அதைச் சொல்ல வேண்டும். "தாத்தா, ரெண்டு தொட்டியும் நிறைஞ்சா மேலே 10 டன் நிக்கும். நம்ம தளம் அதைத் தாங்கும்னு சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடாம மேலே வைக்கக் கூடாது. கீழே வண்டி நிறுத்துற பக்கம் இடம் காட்டுறேன், வாங்க." தன் தகுதிக்கு உட்பட்ட வேலையை மட்டுமே ஒருவர் ஏற்க வேண்டும் என்பது எக்சாவின் நடத்தை விதி. அதை மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்த ஒரு பெரியவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது பல மடங்கு நல்லது.

மழைத் தண்ணீர் பிடிக்கலாமே என்று இன்னொரு அங்கிள் கேட்பார். 200 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தால் 4,000 லிட்டர். தைப்பூசம் டர்பனின் மழைக்காலத்தில் வருவதால் இது வெறும் ஆசை இல்லை, கழிப்பறைக்கும் தரை கழுவவும் ஆகும். ஆனால் காவடி அன்று மழை பெய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே அது கூடுதல் வசதி, கணக்கில் நம்பி எடுக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை மாணவர் தானாகச் சொன்னால் அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோஷம்.

கடைசியில் கமிட்டிக்கு ஒரே ஒரு பக்கம். முதல் வரியில் என்ன செய்யச் சொல்கிறோம். இரண்டாவது வரியில் எவ்வளவு ஆகும். அதன் பிறகுதான் காரணம். சமன்பாடு எதுவும் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது, கேட்டால் காட்டத் தனித் தாளில் இருக்கட்டும். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும், மூன்றிலும் 15 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா, தொட்டி வைக்கும் மேடையும் இறக்கும் கூலியும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து ஒப்பிட வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் முதல்முறையாகப் பணத்தோடு பொறியியலைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஃபிட்டரிடம் கேட்கும் விதம்

எங்கள் மாகாணத்தில் ஆலைத் தளத்து வேலையாட்களில் பெரும்பாலோர் சுலு பேசுகிறவர்கள். பட்டம் வாங்கிய பிள்ளை நேராக இயந்திரத்தின் முன் போய் நின்று "வாட்ஸ் த ப்ராப்ளம்" என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடுவார். வயதில் மூத்தவர் என்றால் "சவுபோனா, பாபா" என்று வணங்கி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, அப்புறம் இயந்திரத்துக்கு வர வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டும் அதே மரியாதை. இதற்குச் சுலு மொழியில் பத்து வாக்கியமாவது உச்சரிப்போடு தெரிய வேண்டும், அதை ஒரு சுலு நண்பரிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேட்கும் கேள்வியையும் பழக்க வேண்டும். என்ன கோளாறு என்று கேட்டால் ஒரு முடிவுதான் கிடைக்கும். "கடைசியா இது எப்போ ஒழுங்கா ஓடிச்சு? அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்க?" என்று கேட்டால் ஒரு வரலாறே கிடைக்கும். பாதிக் கோளாறுகள் அந்த வரலாற்றிலேயே தெரிந்துவிடும். புது சீல் போட்டார்கள், வேறு எண்ணெய் ஊற்றினார்கள், மோட்டாரைக் கழற்றி மாட்டினார்கள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கேட்டதை அவரிடமே திரும்பச் சொல்லிச் சரிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு எழுதும் அறிக்கையில் அந்த ஃபிட்டர் சொன்னதுதான் வழிகாட்டியது என்று எழுத வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

குழு வேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரே எல்லாம் செய்து மற்றவர்கள் பெயர் போட்டுக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு ஒரே மருந்து: ஒருவர் செய்த பகுதியை இன்னொருவர்தான் விளக்க வேண்டும், யார் எதை விளக்குவது என்று அந்த நேரத்தில் நான் சொல்வேன். கூட்டம் முடிந்தால் அரைப் பக்கம் குறிப்பு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. "நாம் செய்வோம்" என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்.

நிறுத்தச் சொல்லப் பழக்குங்கள்

2013 நவம்பர் 19 அன்று டொங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மால் இடிந்து விழுந்தது. 2 பேர் இறந்தார்கள், 29 பேர் காயப்பட்டார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி அதற்குச் சில நாட்களுக்கு முன்பே நீதிமன்ற உத்தரவு இருந்தது. கான்கிரீட் விட்டம் ஒன்றில் இருக்க வேண்டிய அளவு கம்பி இல்லை என்று பின்னால் விசாரணையில் சொல்லப்பட்டது. 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரத்தில் ஐந்து மாடிக் கட்டடம் விழுந்து 34 பேர் போனார்கள். அங்கேயும், கான்கிரீட்டின் தரம் பற்றிக் கவலைப்பட்டுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் முன்பே விலகியிருந்தது பிறகு தெரியவந்தது. கம்பிக் கணக்கு தெரியாததால் மட்டும் இவை நடக்கவில்லை. தெரிந்தவர்களின் குரல் வேலையை நிறுத்தும் அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே என்று சொல்லித்தான் நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அது நல்ல வளர்ப்புதான், நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் சைட்டில் அறுபது வயது ஃபோர்மேன் அங்கிள், கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்பங்களைக் கழற்றச் சொல்லும்போது அந்த வளர்ப்பு வாயைக் கட்டிப் போட்டுவிடக் கூடாது. மரியாதையையும் விடாமல், சொல்ல வேண்டியதையும் விடாமல் பேச முன்கூட்டியே பழக்க வேண்டும். நெறி பற்றிய பாடம் மட்டும் இதற்குப் போதாது. நடித்துப் பார்க்க வேண்டும்.

நான் ஃபோர்மேனாக உட்காருவேன். "முப்பது வருஷமா இதைச் செய்யறேன், நீ நேத்து வந்த பொண்ணு" என்பேன். "மிக்சர் லாரி வாசல்ல நிக்குது, உங்க அப்பாவா காசு கொடுப்பார்?" என்பேன். மாணவி மூன்று விஷயத்தை மட்டும் விடாமல் சொல்ல வேண்டும். உண்மை நிலை என்ன, எதை நிறுத்த வேண்டும், எதுவரைக்கும். "அங்கிள், இந்த விட்டத்தோட கான்கிரீட் பலம் பார்க்கற கியூப் டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரலை. அது வர்ற வரைக்கும் கீழ இருக்கற முட்டுக் கம்பங்களை எடுக்கக் கூடாது. இன்ஜினியருக்கு இப்பவே போன் பண்றேன், சைட் டைரியிலும் எழுதிட்டேன்." நான் எவ்வளவு கத்தினாலும் குரல் உயரக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் மாற்றி மாற்றிச் செய்தால் நடுக்கம் போய்விடும். சட்டமும் இவர்கள் பக்கம்தான் என்று சொல்லிக் கொடுங்கள். 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில்சார் உடல்நலப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான நிலையைக் கண்ட தொழிலாளி அதைத் தெரிவிக்க வேண்டியதைக் கடமையாகவே வைத்திருக்கிறது.

மெரபேங்க் பிள்ளைகளுக்குப் பட்டியலில் வரும் 'விளைவு' என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். 2020 டிசம்பர் 4 அன்று அவற்றில் ஒன்றான எஞ்சன் ஆலையில் நடந்த வெடிப்பைப் பார்த்தவர்கள். செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆஸ்துமா ஆய்வு இவர்கள் தெருவைப் பற்றியதுதான். அவர்களிடம் நான் கேட்பது ஒரு பக்கக் கடிதம். புதிதாக ஒரு கொதிகலன் வருகிறது, புகைபோக்கியிலிருந்து என்ன வரும், எவ்வளவு, எந்தக் காற்றில் எந்தத் தெருவுக்குப் போகும் என்று அடுத்த வீட்டு ஆயாவுக்குப் புரிகிறபடி எழுத வேண்டும். ஆயா படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்.

குறிப்பேடும் விடுமுறைப் பயிற்சியும்

பட்டம் வாங்கியதும் எக்சாவில் கேண்டிடேட் இன்ஜினியராகப் பதிந்து, குறைந்தது மூன்று வருட அனுபவத்தோடு அறிக்கைகள் எழுதிக் காட்டினால்தான் பதிவு பெற்ற பொறியாளர் ஆக முடியும். என்ன செய்தேன், என்ன முடிவெடுத்தேன், யாருக்குப் பொறுப்பாக இருந்தேன் என்று அதில் எழுத வேண்டும். அந்த நேரத்தில் நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் வராது. இரண்டாம் வருடத்திலிருந்தே வாரத்துக்கு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். "நாங்கள்" என்று எழுதாமல் "நான்" என்று எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நீங்கள் படித்து ஒரே ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதிக் கொடுங்கள், பதில் அடுத்த வாரக் குறிப்பில் வரட்டும்.

விடுமுறைப் பயிற்சி இடம் கிடைப்பது கஷ்டம், அதை மறைக்க வேண்டாம். பலர் டிசம்பரில்தான் தேடத் தொடங்குகிறார்கள். டிசம்பர் நடுவில் கட்டுமான நிறுவனங்கள் எல்லாம் மூடிவிடும், ஜனவரியில்தான் திறக்கும். ஆகவே ஜூலையிலேயே கடிதம் போக வேண்டும். சர்க்கரை ஆலைக்கு என்றால் கணக்கே வேறு. ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து டிசம்பர்வரை அரைவை நடக்கும், அந்த நேரத்தில் உள்ளே வருகிற மாணவர் மூடியபடி ஓடுகிற இயந்திரத்தைத்தான் பார்ப்பார். அரைவை நின்ற பிறகு ஜனவரி, பிப்ரவரியில் மில் உருளைகளைக் கழற்றுவார்கள், டர்பைனைத் திறப்பார்கள், எவாப்பரேட்டர் குழாய்களைச் சுத்தம் செய்வார்கள். பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முன் சில வாரங்கள் கையில் இருக்கும். அந்த வாரங்களைக் கேட்டு எழுதுங்கள். கடிதத்தில் எந்த வருடம், எந்தத் துறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று முதல் இரண்டு வரியிலேயே இருக்கட்டும். பல்கலைக்கழகக் கடிதம், அடையாள அட்டை நகல், மருத்துவச் சான்று தயாராக இருக்கட்டும். பாதுகாப்புக் காலணியை முன்பே வாங்கி வீட்டில் போட்டு நடந்து பழகிக்கொள்ளச் சொல்லுங்கள், புதுக் காலணியோடு முதல் நாள் பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியாது.